உங்கள் நம்பர் எப்படிக் கைமாறுகிறது, அதை எப்படித் தடுப்பது

டச்சு பே கடற்கரையில் கச்சான் வாங்கித் தின்ற ஒரு தம்பி, முடிந்ததும் அந்தக் கடதாசிச் சுருளை விரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு பெண்ணின் அடையாள அட்டைக் கொப்பி. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில். படம், பெயர், விலாசம், இலக்கம் எல்லாமே தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தன. மறுநாள் காலை அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “அக்கா, இது உங்கட கடையில அடிச்சதா?” என்று கேட்டார்.

ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது ஐடி கொப்பி அடிப்பேன். மங்கலாக விழுந்தவை, சரிந்து விழுந்தவை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டி நிறைந்ததும் பழைய கடதாசி எடுப்பவருக்கு நிறுத்துக் கொடுத்துவிடுவேன். அன்றோடு அதை நிறுத்தினேன். இப்போது பழுதான கொப்பிகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்குப் பின்னால் வைத்து எரிக்கிறேன்.

கச்சான் சுருளாகப் போனதைக் கண்ணால் காணலாம். நம் நம்பரும் மற்ற விவரங்களும் போனுக்குள்ளால் போவதைக் காண முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராக உட்காரவைத்துச் செய்துகொடுத்ததை, நீங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம்.

உப்புவெளியிலிருந்து ஒரு மாமி வருவார். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒருநாள் போனைத் தூக்கிக் காட்டி, “பிள்ளை, காணி விக்கிறன் எண்டு ஒருத்தர், இன்சூரன்ஸ் எண்டு ஒருத்தர், லோன் எண்டு ஒருத்தர். என்ட பேர் சொல்லித்தான் கதைக்கிறாங்க. இவங்களுக்கு எப்பிடி என்ட நம்பர் போச்சு?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரு பழைய சிஆர் கொப்பியில் எழுதத் தொடங்கினோம். கடந்த ஒரு வருடத்தில் நம்பரை எங்கெல்லாம் கொடுத்தார்? துணிக்கடையின் அதிர்ஷ்டக் குலுக்கல் கூப்பன். கண்ணாடிக் கடையின் இலவசக் கண் பரிசோதனை. சாமான் வீட்டுக்குக் கொண்டுவரும் இரண்டு ஆப். ஜாதக ஆப் ஒன்று. மகளின் கல்யாணத்துக்குப் பதிந்த மணமக்கள் தளம். ஒரு கண்காட்சியில் பெயர் எழுதிய கொப்பி. பதினான்கு இடம் வந்தது. அதில் பத்து இடத்துக்கு அவருடைய நம்பர் தேவையே இல்லை.

நீங்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். ஒரு தாளும் பேனையும் போதும். எங்கே கொடுத்தேன், எதற்குக் கேட்டார்கள், என்னென்ன கேட்டார்கள் என்று மூன்று வரிசை போடுங்கள். நினைவுக்கு வராதவற்றுக்கு எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து, பெயரோடு வரும் விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடுத்து, யார் விற்றார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நான் ஒரு நகைக்கடைக் கூப்பனில் என் பெயருக்கு முன்னால் வேறோர் முதலெழுத்தை வேண்டுமென்றே எழுதினேன். அந்த எழுத்தை வேறெங்கும் எழுதியதில்லை. மூன்று கிழமை கழித்து, அந்தக் கடையோடு சம்பந்தமே இல்லாத ஒரு முதலீட்டுக் கம்பனியிலிருந்து கோல் வந்தது. அந்தப் பெண் பிள்ளை மிக மரியாதையாக, அந்த முதலெழுத்தோடு சேர்த்து என் பெயரைச் சொன்னார். எனக்குச் சாட்சி வேறு வேண்டியிருக்கவில்லை. ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். உங்கள் முகவரியில் @ குறிக்கு முன்னால் ஒரு + போட்டு, அந்தக் கடையின் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். கடிதம் வழக்கம்போல உங்கள் பெட்டிக்கே வரும். எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்தால் யார் கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். வங்கி, ஆஸ்பத்திரி, அரசாங்கப் படிவங்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே பெயர் அட்டையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும்.

அடையாள அட்டை இலக்கம்

கூப்பனில் ஐடி நம்பர் கேட்டால் நம் ஆட்கள் யோசிக்காமல் எழுதுகிறார்கள். வெறும் இலக்கம்தானே என்ற நினைப்பு. அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, ஓர் இலக்கம் 85533 என்று தொடங்கினால், 1985ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க நம்பரில் முதல் நான்கும் வருடம், அடுத்த மூன்று அதே கணக்கு.

கூப்பனில் பிறந்த திகதி கேட்கவில்லையே என்று நினைத்தால், கேட்காமலே கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டளவில் ஒரு கணக்குப் போட்டார். பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்பது, தபால் குறியீடு ஆகிய மூன்றும் இருந்தால், அந்த நாட்டு மக்களில் 87 வீதமானவர்களைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காணலாம் என்பது அவருடைய முடிவு. நம் ஐடி நம்பர் அந்த மூன்றில் இரண்டைக் கொடுத்துவிடுகிறது. கூப்பனில் எழுதும் விலாசம் மூன்றாவது.

அதனால் கடைக் கூப்பனில் ஐடி வரியை வெறுமையாக விடுங்கள். “பரிசு விழுந்தால் அட்டையோடு வாறன்” என்று சொல்லுங்கள். பரிசு கொடுக்கிற நேரத்தில் அட்டையைப் பார்த்தால் போதும்தானே.

கொப்பி கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், தாளின் குறுக்கே பேனையால் எழுதுங்கள்: எதற்காக, யாருக்கு, என்ன திகதி. “மின்சார இணைப்பு விண்ணப்பத்துக்கு மட்டும்” என்பது போல. எழுத்து படத்தையும் இலக்கத்தையும் மறைக்காமல் ஆனால் அவற்றின் மேலால் ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடலாம். வட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் இதேதான். படத்தைத் தெரிந்தெடுத்ததும் மேலே பென்சில் அடையாளம் வரும். அதைத் தொட்டு எழுதிவிட்டு அனுப்புங்கள். இப்படி எழுதிய கொப்பியை ஏற்க முடியாதென்று எந்த அலுவலகமும் எனக்குத் திருப்பித் தந்ததில்லை.

போனைக் கையில் எடுங்கள்

இனி ஆப்களின் பக்கம். டோர்ச் லைட், காலண்டர், ஜாதகம், கேம் என்று இலவசமாக இறக்குகிறோம். அதைச் செய்தவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பல ஆப்களுக்குள் வேறொரு கம்பனி எழுதிய சிறு நிரல் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அது உங்கள் போனின் விளம்பர அடையாள எண்ணையும், நீங்கள் அனுமதித்திருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தையும் அந்தக் கம்பனிக்கு அனுப்பும். அந்த விளம்பர எண் எல்லா ஆப்களுக்கும் ஒன்றே. அதனால் பத்து ஆப்களிலிருந்து வந்த துண்டுகளை ஒரே கயிற்றில் கோர்த்துவிடலாம். கோர்த்ததை விற்பதையே தொழிலாகச் செய்யும் கம்பனிகளைத் தரவுத் தரகர்கள் என்கிறார்கள். காணித் தரகர் போலத்தான், ஆனால் காணிக்காரருக்குத் தெரியாமல் விற்பார்கள். அக்ஸியம் என்ற அமெரிக்கக் கம்பனி 1969இலேயே இந்தத் துறையில் தொடங்கியது. அதனால் இது புதிய வியாபாரமும் இல்லை.

“என்ட பேரைத்தான் நான் குடுக்கேல்லையே” என்று கேட்பார்கள். ஒரு போன் ஒவ்வோர் இரவும் உப்புவெளியில் ஒரு வீட்டில் கிடக்கிறது, காலை 7.30 முதல் 1.30 வரை ஒரு பாடசாலையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலையில் பத்திரகாளி அம்மன் கோயிலடியில் அரை மணி நேரம் நிற்கிறது என்றால், அது யாருடைய போன் என்று சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் பெயர் வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற சகோதரிகளுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்வேன். 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற செய்தித் தளம், தொழுகை நேரம் காட்டும் மிகப் பிரபலமான ஓர் ஆப்பிலிருந்து இடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகருக்குப் போவதையும், அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் வெளியிட்டது. செய்தி வந்ததும் அந்த ஆப் அந்தத் தரகரோடு இருந்த உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. எக்ஸ்-மோட்டின் வழிவந்த கம்பனி ஆஸ்பத்திரி, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குப் போய்வந்தவர்களின் இடத் தகவலை விற்கக்கூடாது என்று, பாவனையாளர்களைப் பாதுகாக்கும் அமெரிக்க அரச அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன் 2024 ஜனவரியில் உத்தரவு போட்டது. இடையில் மூன்று வருடத்துக்கு மேல் போய்விட்டது. தொழுகை நேரம் பார்க்க ஆப் உங்களைப் பின்தொடரத் தேவையில்லை. இட அனுமதியை மறுத்துவிட்டு, ஊர் பெயரில் திருகோணமலை என்று நீங்களே தெரிந்தெடுங்கள். நேரம் சரியாகவே வரும். பஞ்சாங்க ஆப்புக்கும் இதுதான்.

அன்ட்ரொய்ட் போனில் இப்படிச் செய்யுங்கள். செட்டிங்ஸ், அதற்குள் கூகிள், அதற்குள் ஆட்ஸ். அங்கே ‘டிலீட் அட்வர்டைசிங் ஐடி’ என்று இருக்கும். அதை அழித்துவிடுங்கள். போனுக்கு ஒன்றும் ஆகாது. விளம்பரம் வரும், ஆனால் உங்களோடு கோர்க்க அந்தக் கயிறு இருக்காது. சாம்சங், ரெட்மி, விவோ என்று ஒவ்வொன்றிலும் இடம் கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் ஆட்ஸ் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, ட்ரெக்கிங் என்று போய், ஆப்கள் அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம்.

பிறகு அதே தேடும் பெட்டியில் ‘பெர்மிஷன் மேனேஜர்’ என்று தேடுங்கள். லொகேஷன், கொன்டெக்ட்ஸ், எஸ்எம்எஸ், மைக்ரோபோன் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்தால் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று காட்டும். மாமியின் போனில் ஜாதக ஆப் கொன்டெக்ட்ஸை எடுத்துக்கொண்டிருந்தது. கிரகம் பார்க்க அவருடைய சொந்தக்காரர்களின் நம்பர் எதற்கு? ஓட்டோ பிடிக்கும் ஆப்புக்கு இடம் வேண்டும்தான். ஆனால் பாவிக்கும் நேரத்தில் மட்டும் போதும்.

கொன்டெக்ட்ஸில் கொஞ்சம் நிற்க வேண்டும்

இது எனக்கு மனதைப் பிசைகிற விஷயம். துறைமுகத்துப் பக்கம் ஓட்டோ ஓடும் ஒரு தம்பி, வண்டி திருத்தக் காசு இல்லாமல் பேஸ்புக்கில் கண்ட விளம்பரத்தைத் தொட்டு ஒரு கடன் ஆப்பை இறக்கினார். கொன்டெக்ட்ஸ், படங்கள், எஸ்எம்எஸ் எல்லாவற்றுக்கும் ‘அலோ’ கொடுத்திருக்கிறார். தவணை ஐந்து நாள் பிந்தியது. அவருடைய மாமியார், வண்டிக்குச் சொந்தக்காரர், பிள்ளையின் ஆசிரியை என்று அவர் போனில் இருந்த ஆட்களுக்கெல்லாம் அவர் கள்ளன் என்று மெசேஜ் போனது. அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். அவருக்கு ரீலோட் போட்டுக் கொடுத்ததற்காக என் நம்பரைச் சேமித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். அவர் கடைக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

உங்கள் கொன்டெக்ட்ஸில் இருப்பது உங்கள் தகவல் இல்லை. உங்களை நம்பி நம்பரைத் தந்த முந்நூறு பேருடைய தகவல். நீங்கள் ‘அலோ’ தொட்டால் அவர்கள் எல்லோர் சார்பிலும் தொடுகிறீர்கள். என் நம்பர் எப்படிப் போனது என்று கேட்கிற பலருக்கு உண்மையான பதில் இதுதான்: அவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை, அவர்களைத் தெரிந்த ஒருவர் கொடுத்தார்.

2023 மே 31 முதல் கூகிள் பிளே ஸ்டோரில் இருக்கும் தனிநபர் கடன் ஆப்கள் கொன்டெக்ட்ஸையும் படங்களையும் எடுக்கக்கூடாது என்று கூகிள் விதி போட்டுவிட்டது. எனவே கடன் ஆப் எதுவும் அவற்றைக் கேட்டால் அதுவே போதுமான எச்சரிக்கை. லிங்க் அனுப்பி, பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கச் சொன்னால் தொடவே தொடாதீர்கள்.

ஏற்கெனவே இறக்கிவிட்டீர்களா? உடனே அழிக்க வேண்டாம், வரிசை முக்கியம். முதலில் எல்லா அனுமதியையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஆப்புக்குள் போய்க் கணக்கை நீக்கும் இடத்தைத் தேடி நீக்குங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு எழுதி நீக்கச் சொல்லுங்கள். வந்த மிரட்டல்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கடைசியாகத்தான் ஆப்பை அழிக்க வேண்டும். ஆப்பை மட்டும் அழித்தால், போனவை போனவைதான். கணக்கு அங்கே அப்படியே இருக்கும். மிரட்டல் வந்தால் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். என்ன செய்வதென்று ஆலோசனை கேட்க, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கோல் எடுப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகோலர் ஆப்பில் நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் நம்பரைத் தேடினால் பெயர் வரக்கூடும். அதன் இணையத்தளத்தில் ‘அன்லிஸ்ட்’ என்ற பக்கம் இருக்கிறது. முதலில் உள்ள 0 ஐ விட்டு, +94 சேர்த்து நம்பரைக் கொடுத்தால் நீக்குவார்கள். கணக்கு வைத்திருந்தால் அதை முதலில் மூட வேண்டும்.

பேஸ்புக் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். பேஸ்புக்கும் கூகிளும் தாங்கள் தகவலை விற்பதில்லை என்கின்றன. நம்மைப் பற்றித் தெரிந்ததை வைத்து, யாருக்கு எந்த விளம்பரம் காட்டலாம் என்பதைத்தான் விற்கின்றன. ஆனால் 2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கும் மேற்பட்ட பேஸ்புக் பாவனையாளர்களின் விவரங்கள் இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன. பெரும்பாலானவற்றில் போன் நம்பரும் இருந்தது. கொன்டெக்ட்ஸை ஏற்றி நண்பர்களைத் தேடும் வசதியைத்தான் ஆட்கள் துஷ்பிரயோகம் செய்திருந்தார்கள். எனவே பேஸ்புக் செட்டிங்ஸில் போன் நம்பரை வைத்து உங்களைத் தேடக்கூடியவர் யார் என்ற இடத்தில் ‘ஒன்லி மீ’ போடுங்கள். கொன்டெக்ட்ஸ் ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது சிம்

முடிந்தவர்கள் இதைச் செய்யுங்கள். பழைய பட்டன் போன் ஒன்றில் இன்னொரு சிம் போட்டு வையுங்கள். கூப்பன், டெலிவரி, இணையத்தில் சாமான் விற்கப் போடும் விளம்பரம், மணமக்கள் தளம் எல்லாவற்றுக்கும் அந்த நம்பர். வங்கிக்கும் வீட்டாருக்கும் பழைய நம்பர். மாலை ஏழு மணிக்குப் பிறகு அந்தப் பட்டன் போனை நிறுத்திவிட்டால் வீடு அமைதியாக இருக்கும். ஒரு கவனம்: எந்த நம்பரையும் கைவிடுவதற்கு முன் வங்கி, ஜிமெயில், பேஸ்புக் எல்லாவற்றிலிருந்தும் அதை மாற்றிவிடுங்கள். கைவிட்ட நம்பரைக் கம்பனி பிறகு வேறொருவருக்குக் கொடுக்கும். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.

கோல் வந்தால் என்ன சொல்வது

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் பகுதிகள் ஒரே நாளில் இல்லாமல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதுபோல் அமைக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு அதிகார சபை ஒன்றும் அதன் கீழ் உருவானது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, பிழையைத் திருத்தச் சொல்வது, அழிக்கச் சொல்வது என்று உரிமைகளை அது எழுதி வைத்திருக்கிறது. கேட்காமல் விளம்பரச் செய்தி அனுப்புவதைப் பற்றியும் அதில் தனிப் பகுதி இருக்கிறது. மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 1 கோடி ரூபாய் வரை தண்டம் என்று சட்டம் இயற்றினார்கள். கோல் எடுக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவர்களின் மேலாளருக்குத் தெரியும்.

கோல் எடுக்கும் பிள்ளையை ஏசாதீர்கள், அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்தக் கம்பனி, உங்கள் பெயர் என்ன, என் நம்பர் எங்கிருந்து கிடைத்தது? பதிலைத் திகதி, நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். பிறகு கம்பனிக்கு மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ இப்படி எழுதுங்கள். கடைக்கு வருபவர்களுக்கு நான் அடித்துக் கொடுப்பது இதைத்தான்:

“என் தொலைபேசி எண்ணுக்கு இன்ன திகதியில் உங்கள் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. இந்த எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, யார் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை எழுத்தில் அறியத் தரவும். விளம்பரத்துக்காக இதைப் பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை. முன்பு சம்மதம் பெற்றிருந்தால் அதை இன்றுடன் திரும்பப் பெறுகிறேன். உங்கள் பதிவுகளிலிருந்து நீக்கியதை உறுதிசெய்து பதில் அனுப்பவும்.”

அடையாள அட்டைக் கொப்பியை இதோடு இணைக்காதீர்கள். அழைப்பு வந்த உங்கள் நம்பரைக் கடிதத்தில் எழுதினால் அவர்களுக்கு ஆரம்பத்தில் அது போதும். அனுப்பிய கடிதத்தின் ஒரு கொப்பியும் தபால் சிட்டையும் உங்களிடம் இருக்கட்டும். பதில் வராமல் பிறகு அதிகார சபைக்கு முறையிட வேண்டி வந்தால் அவைதான் கைகொடுக்கும்.

மாமி இப்போது கோல் வந்தால் வைத்துவிடுவதில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்ட அதே குரலில், “தம்பி, என்ட நம்பர் எங்க எடுத்தீங்க, சொல்லுங்க” என்று கேட்கிறார். அநேகமானவர்கள் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு, “மேடம், கண்ணாடிக் கடை லிஸ்ட் ஒண்டுல இருந்துதான் தந்தாங்க” என்று சொல்லிவிட்டார். நேற்று மாமி கொப்பியோடு வந்தார். அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு இழுத்திருந்தார். திங்கட்கிழமை கடை திறந்ததும் அந்தக் கடைக்கு முதல் கடிதம் அடிக்கிறோம்.